சப்பரம் இழுக்கும் டிராக்டருக்கு எந்தக் காயில்?

பழைய பெட்ரோல் டிராக்டரில் புதுக் காயில் தங்காது, எரிந்துபோகும் என்று ஸ்ரீரங்கத்து மெக்கானிக் ஒருவர் யாரிடமோ சொன்னாராம். அதைக் கேட்டுவந்த என் அக்கா லிசி, தோஹாவில் இருக்கும் எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அந்தக் காயிலை மாமாவுக்கு வாங்கி அனுப்பியவன் நான்தான்.

அற்புதசாமி மாமா குடியிருப்பது மன்னார்புரத்தில். ஆபீஸ் வேலையில் ஓய்வுபெற்றவர். வையம்பட்டிப் பக்கம் சொந்த ஊரில் மாதா திருவிழாச் சப்பரத்தை அவருடைய டிராக்டர்தான் இழுக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவரே ஓட்டுவார். போன வருஷம் பாதி வழியில் நின்றுவிட்டது. சனம் தள்ளிக்கொண்டு போனது. இந்த முறையும் நின்றால் இனிமேல் வேறு வண்டிதான் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள்.

காயிலில் இரண்டு வகை. ஒன்றை பேட்டரியோடு நேராக மாட்டலாம். மற்றதற்கு நடுவில் மின்சாரத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அது இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும். போகப்போகச் சூடேறி, காயிலுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்ட் தீய்ந்து நின்றுவிடும். வண்டியில் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தெரியாமல் இரண்டு காயிலையும் அனுப்பினேன்.

வீடியோ காலில் மாமா காட்டியதைப் பார்த்தால் எஞ்சினில் எல்லாமே வெள்ளி நிறம். திருவிழாவுக்குத் திருவிழா வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். பழைய காயில், வயர், எழுத்து எதையும் விட்டுவைக்கவில்லை.

"சுரண்டிப் பாருங்க மாமா."

"சுரண்டினா கீழயும் வெள்ளிதான்டா. நீ படிச்சவன், நீயே சொல்லு."

எனக்கு என்ன தெரியும்? இணையத்தில் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை எதையும் மாட்டாதீர்கள் என்றேன்.

இன்று திருவிழா. மதியம் அவருடைய குரல் மெசேஜ் வந்தது:

"ஜூட்டு, ரெசிஸ்டர் வேணும்னு சொன்னியே, அந்தக் காயில்தான் பழைய கிளாம்புல கச்சிதமா உக்காந்துச்சு. ரெசிஸ்டர் கெசிஸ்டர் ஒண்ணும் காணோம். வயர் நடுவுல விரல் நீளத்துக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிச்ச ஒரு கல்லுதான் இருந்துச்சு. எதுக்குன்னே தெரியல, கழட்டிப் போட்டுட்டு வயரை நேரா முறுக்கிட்டேன். ஒரே அடியில ஸ்டார்ட்டு!"

அந்தக் கல்தான் ரெசிஸ்டர்.

லிசி அனுப்பிய படத்தில் சப்பரம் பூட்டியாகிவிட்டது. பானெட்டில் மாலை, ஸ்டியரிங்கில் மாமா, பக்கத்திலேயே பேண்டு வாத்தியம். லிசிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாமாவுக்கு அடிக்கிறேன். எடுத்தால் என்ன சொல்வது? நிறுத்தச் சொன்னால் இந்த வருஷமும் நின்ற வண்டி என்றாகிவிடாதா? கல்லை எங்கே போட்டார் என்றுகூடத் தெரியவில்லை.

ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.