காதால் கடக்கும் சாலை

கன்னியக்கோயிலைத் தாண்டியபோது கடலூர் எனக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் சில மாதம் வேலை பார்த்தேன். முதலாளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. விடியும்போது பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். 1984, மாசி மாதம். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்திரண்டு கிலோமீட்டர். செருப்பின் வார் அறுந்ததால் அதைப் பைக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து இப்படித்தான் ஊர் மாறிக்கொண்டிருக்கிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும், தவளக்குப்பம் கூட்டு ரோடு. டீ ஐம்பது பைசா. கிழக்கே நல்லவாட்டிலிருந்து மீன்காரப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். தலையில் நீர் சொட்டும் கூடைகள். சாலை விளிம்பில் நின்றார்கள். தெற்கே வண்டி இல்லை, வடக்கேயும் இல்லை. ஆனாலும் நின்றார்கள். பிறகு ஏதோ கடந்துபோய்விட்டது போல, எல்லாரும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைத்தார்கள்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாக்குற? தலைல அம்மாம் பெரிய கூடை. கழுத்தத் திருப்ப முடியுமா? காதாலதான் ரோட்டத் தாண்டுவாங்க."

"வண்டியே இல்லியே அண்ணே."

"உனக்கு இல்ல." கிளாசைக் கழுவி வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "போன வருசம் பூங்காவனம்னு ஒரு அம்மா இங்கதான் மோட்டார் சைக்கிள்ல அடிபட்டுச் செத்துச்சி. அதுலேருந்து இவங்களுக்கு அந்த வண்டிச் சத்தம் கேக்குது. அடிச்ச ஆளு அதோ நிக்கிறாரு."

எதிர்ப்புறம் புளியமரத்தடியில் ஐம்பது வயது மனிதர் ஒருவர் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தார். பெயர் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பெண்கள் கடந்து முடிக்கும்வரை தினமும் வந்து நிற்பாராம். அவர்கள் அவர் பக்கம் பார்ப்பதில்லை.

அவர் வண்டியை உதைத்தார். இரண்டு சிலிண்டரில் ஒன்றுதான் வேலை செய்தது. நான் போய்ப் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன்.

"தொழில் தெரியுமா தம்பி?"

"தெரியும் ஐயா."

"ஏறு."

இரண்டு சிலிண்டர் வண்டியின் குணத்தை அரியாங்குப்பம் போவதற்குள் தெரிந்துகொள்ளலாம். இருக்கையும் கால்மிதியும் அதிரும். கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்து இரண்டாகத் தெரியும். முப்பதுக்கு ஒரு நடுக்கம், ஐம்பதுக்கு வேறொரு நடுக்கம். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட் நெரிசலில் அவர் ஹாரன் அடிக்கவேயில்லை. இன்ஜினின் வெடிச்சத்தத்தைக் கேட்டே மூட்டை தூக்குகிறவர்கள் விலகினார்கள்.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போட்டு இன்னொரு வண்டி நின்றது. ஜப்பான் வண்டி, நான்கு சிலிண்டர், பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. நான்கு புகைக்குழாய்களும் கைவிரல்கள் போல ஒட்டியிருந்தன. ஒரு வருடம் தொடாத வண்டி. தூசி படிந்திருக்க வேண்டும். இல்லை. தினமும் துடைப்பீர்களா என்று கேட்டேன். தார்ப்பாயைத் திறப்பதே இன்றுதான் என்றார்.

"அன்னிக்கு இதுலதான் வந்தேன். நாப்பதுக்கு மேல வரல தம்பி. கோர்ட்லயும் அதத்தான் சொன்னேன். அந்தம்மாதான் பாக்காம எறங்கிச்சின்னு விட்டுட்டாங்க. ஆனா அதோட தங்கச்சி அஞ்சல சொல்லுது, நாப்பதுல வந்திருந்தா எங்க அக்கா காதுல விழுந்திருக்கும்னு. யார் சொல்றது நெசம்? நீ ஓட்டிப் பாரு. எனக்கு அதுல கை வைக்க வரல."

மதியம்வரை நான்கு கார்புரேட்டர்களையும் சுத்தம் செய்து ஒன்றோடொன்று ஒத்துப்போகச் சரிசெய்தேன். மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

ஊருக்குள் அது சுமை. கனம், இன்ஜின் சூடு முழங்காலைச் சுட்டது, நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடதுகை மரத்துவிட்டது. முறுக்கினால் ஒழிய இழுக்காது. சந்துபொந்துக்கு இரண்டு சிலிண்டர்தான் என்று நினைத்துக்கொண்டேன். முருங்கப்பாக்கம் தாண்டியதும் அது வேறு வண்டி. அதிர்வு நின்றுவிட்டது. கைப்பிடி, மேசை விளிம்பைப் பிடித்தது போல அசையாமல் இருந்தது. சத்தம், சவுக்குத் தோப்பில் காற்று நுழைவது போல ஒரே இழை; முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று எனக்கே புரியவில்லை. நாற்பதில் போகிறேன் என்று தோன்றியது. குனிந்து பார்த்தேன். முள் எழுபத்தைந்தில் நின்றது.

தவளக்குப்பத்தில் டீக்கடை எதிரே நிறுத்தினேன். கடைக்காரர் தெற்கே எங்கோ பார்த்து நின்றார். திரும்பியவர், என்னைக் கண்டதும் கிளாசை நழுவவிட்டார்.

"நீ எப்ப வந்த? சத்தம் இன்னும் வந்துகினுல்ல இருக்குது?"

இன்ஜினை நான் ஏற்கெனவே அணைத்திருந்தேன்.

கொட்டகையில் அந்துவான் நாற்காலியில் உட்காராமல் காத்திருந்தார். நாற்பது என்று தோன்றியபோது முள் எழுபத்தைந்தில் நின்றது என்றேன்.

"அன்னிக்கு முள்ளப் பாத்தீங்களா ஐயா?"

"இல்ல." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "கைக்குத் தெரியுமேன்னு இருந்தேன்."

"அது ரெண்டு சிலிண்டர் பழக்கம். இது கைக்குச் சொல்லாது."

தார்ப்பாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "கார்புரேட்டர கழட்டிடு" என்றார். நான்கையும் கழற்றிக் கோணியில் கட்டி வைத்தேன். அங்கேயே ஒரு மூலையில் படுத்தேன்.

மறுநாள் காலை இருவரும் தவளக்குப்பம் போனோம். பெண்கள் வந்ததும் அந்துவான் முதல்முறையாகச் சாலையைக் கடந்து அஞ்சலையின் முன் நின்றார்.

"நாப்பது இல்லம்மா. எழுபதுக்கு மேல. நான் முள்ளப் பாக்கல. கோர்ட்லயும் போய்ச் சொல்லிடறேன்."

கூடையோடு அஞ்சலை அவரைப் பார்த்தாள். கழுத்து அசையவில்லை, கண்கள் மட்டும்.

"அவ காதால பாத்தா. நீ கையால பாத்தியா, சொல்தா?" என்றாள். "சொல்லு. போய்ச் சொல்லு. எங்க அக்கா தப்பு இல்லன்னு எழுதி வரட்டும்."

அவர் தலையசைத்தார். அவள் கண்கள் என் பக்கம் திரும்பின.

"இந்த ஆளு யாரு? காலுல செருப்பு இல்ல. பொண்டாட்டி தொரத்திட்டாளா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"கட்டினாத்தான தொரத்துறதுக்கு" என்றேன்.

"கழுத்து நல்லாத்தான திரும்புது? காலைல இங்க நின்னு ரெண்டு பக்கமும் பாத்துச் சொல்லு. ஆளுக்கு ஒரு கை மீனு தர்றோம். வித்துக்க."

எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். பார்ப்பதையே வேலையாக யாரும் தந்ததில்லை. சரி என்றேன். சாலை நடுவே போய் நின்றேன். தெற்கே பார்த்தேன், வடக்கே பார்த்தேன். வெறும் தார்.

"வாங்க" என்றேன்.

வந்தார்கள். அவர்கள் பாதி வழியில் இருந்தபோது, தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ, நான்கு சிலிண்டர் வண்டியின் அந்த ஒற்றை இழைச் சத்தம் என் காதிலும் விழுந்தது. மறுபடி பார்த்தேன். சாலையில் ஒன்றுமில்லை. கூடைகள் தயங்கின.

"ஒண்ணும் இல்ல, வாங்க, வாங்க" என்று சத்தத்தை மீறிக் கத்தினேன்.