சம்மட்டிக்கு வைத்த குங்குமம்

எண்பதுகளின் கடைசியில், வெள்ளைக்காரர் நாட்டில், நான் குடியிருந்த நோர்பரியிலிருந்து பஸ்ஸில் போய், வாண்டில் என்ற ஆற்றின் கரையிலிருந்த பழைய இரும்பாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்தேன். ஆலை மூடி நூறு வருடத்துக்கு மேல். அதை மியூசியம் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் லேத் மெஷின் பிடித்த கையில் விளக்குமாறு. வயிறு எரியாதா?

ஆனால் அந்த ஆலை இருக்கிறதே! பார்த்தால் வாய்க்கால் மாதிரி ஒரு ஆறு. மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் பெரிய மரச்சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தின் அச்சிலுள்ள பற்கள் இரண்டு ஆள் பாரமுள்ள சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். உலைக்குத் துருத்தி ஊதியதும் அதே தண்ணீர்தான். நீராவி இல்லை, கரண்ட் இல்லை. கட்டியவர்கள் மூளைக்காரர்கள், விண்ணர்கள்தான்!

திருத்த வேலைக்குப் பொறுப்பான வெள்ளைக்கார இன்ஜினியர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "சக்கரம் சுற்றினால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அது நீங்கள்தான்."

சோதனை ஓட்டம் ஆயுத பூசையன்று வந்து வாய்த்தது. ஊரில் அன்று லேத்துக்குப் பொட்டு வைக்காமல் இருந்ததே இல்லை. காலையிலேயே போய், சம்மட்டிக்கும் அச்சைத் தாங்கும் பேரிங்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

பத்து மணிக்கு ஆட்கள் கூடினார்கள். என் மனைவியும் வந்திருந்தாள். மதகைத் திறக்கப் போன இன்ஜினியர் பேரிங்கைக் கண்டதும், "நிறுத்துங்கள்!" என்று கத்தினார். வெடிப்புள்ள இடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது அங்கே வழக்கம். பல தடவை கண்டவன்தான். அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கினார்கள்.

"இஞ்சாருங்கோ, இது உங்கட வேலைதானே? போய்ச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

"சொன்னா வேலை போயிடுமப்பா."

"விசரோ உங்களுக்கு? சொல்லாட்டி நாள் முழுக்கக் கழட்டிக்கொண்டிருப்பினம்!"

போய்ச் சொன்னேன், நாக்குத் தடுமாற. ஆயுதங்களுக்கு நன்றி சொல்லும் நாள், பொட்டு வைத்து ஓய்வு கொடுப்போம் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இது நூறு வருடமாக ஓய்வில்தானே இருக்கிறது, போதாதா?" என்றார். பிறகு பேரிங்கைக் காட்டிக் கேட்டார்: "பேரிங்கில் வெடிப்பு இல்லையென்று உங்களுக்கு நிச்சயமா?"

"தடவிப் பார்த்துத்தான் பொட்டு வைத்தேன்."

"அப்படியானால் மதகை நீங்கள் திறவுங்கள்."

கழற்றியதைப் பூட்டினார்கள். மதகைத் திறந்தேன். தண்ணீர் இறங்கியது, சக்கரம் முனகியது, அசையவில்லை, பிறகு அசைந்தது. முதல் அடி விழுந்தபோது தரை அதிர்ந்தது. துப்புரவுச் சட்டையோடு நின்று அழுதுவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை விளக்குமாற்றை வேறொருவரிடம் கொடுத்தேன்.