தானே இறங்கும் நாற்காலி

காதோரம் இரண்டு வெட்டு, பெடலில் மூன்று மிதி. மறுபடி வெட்டு, மறுபடி மிதி. இரண்டு வருடமாகச் சலூன்காரர் இந்தத் தாளத்தில்தான் எங்கள் தெருவுக்கு முடி வெட்டுகிறார். நாற்காலிக்கு அடியில் இருக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய்க் கசிவு. உட்கார்ந்தவர் மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பார். மிதிக்க மறந்தால் சலூன்காரரும் முழங்காலை மடக்கிக் கூடவே இறங்குவார். "தலைய ஆட்டாதீங்க சார். நீங்க எங்க போனாலும் நான் வந்துருவேன்."

கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதுதான் வீடு. நடுவில் ஒரு திரை. எதிரே புதுச் சலூன் திறந்து, வழக்கமாக இங்கே வரும் வங்கி மேனேஜர் அங்கே போன அன்று திரைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என் தம்பி கடையில நாலு நாற்காலி இருக்கு. ஒண்ணுகூட இறங்கறதில்ல. பேசாம அங்க வேலைக்குப் போங்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. அதுக்குள்ள நாற்காலி நிக்கலேன்னா கடைய மூடிட்டுப் போறேன்."

மைத்துனனிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவருக்குக் கத்தி நழுவும்.

முதலில், தலைக்குத் தடவும் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊற்றினார். நாற்காலி முன்பைவிட வேகமாக, மணத்தோடு இறங்கியது. அடுத்து முறையாக ஆரம்பித்தார். சிலிண்டரின் தண்டை உருவி, அதிலிருந்த கீறல்களை, கன்னத்தில் சவரம் செய்யும் பதத்தில் உப்புத்தாளால் தேய்த்தார். எண்ணெய் கசியாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையத்தைக் காட்டி அதே அளவில் புதிது வாங்கினார். ஒரு சவரக் கூலிகூட ஆகவில்லை. சோப்பு நுரைக்கும் கிண்ணத்தில் வெந்நீர் விட்டு வளையத்தை இளக வைத்து மாட்டினார். எண்ணெயும் இந்தத் தடவை சரியான எண்ணெய்.

சனிக்கிழமை என்னை உட்காரவைத்தார். பாதிக் கிராப்பில் என் முகவாய் மேசைக்கு வந்துவிட்டது.

திரை விலகியது.

"அந்த ரப்பர் வளையத்துல மெல்லிசா ஒரு ஓரம் இருந்துச்சே, அத எந்தப் பக்கமா வெச்சீங்க?"

"மேல் பக்கமா. அப்பதானே முடி உள்ள போகாது?"

"அது என்ன கழுத்துல கட்டற துணியா? எண்ணெய் வெளிய வராம இருக்கத்தானே போட்டீங்க? அப்ப எண்ணெயப் பாத்துல்ல இருக்கணும்?"

சலூன்காரர் கொஞ்ச நேரம் சீப்பை ஊதினார். பிறகு என்னிடம், "நானும் அதத்தான் யோசிச்சிட்டிருந்தேன் சார்" என்றார். அன்று மாலையே கழற்றித் திருப்பிப் போட்டார்.

ஞாயிறு காலை முதல் ஆள் கறிக்கடைக்காரர். என்னைப்போல் இரண்டு பேர் எடை. உட்கார்ந்ததும் நாற்காலி ஒருமுறை முனகியது. மூன்று மிதி. திரையைப் பிடித்தபடி மனைவி நின்றார். பெஞ்சில் காத்திருந்த நானும் பேப்பரை மடித்துவிட்டேன்.

இரண்டு வெட்டு. நாலு. பத்து. நாற்காலி நகக்கண் அளவும் அசையவில்லை.

சலூன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, கண் எடுக்காமல் வெட்டினார். வெட்ட வெட்ட அவர் முழங்கால்கள் மெல்ல மடங்கின. கண்ணாடியில் கறிக்கடைக்காரர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கத்தரிச் சத்தம் முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.