ஷாஹிதாவின் வைத்தியர்கள்

ஒடுகத்தூர் கடையில் நிலக்கடலை விதை நிறுத்துக்கொண்டிருந்தபோது ஷாஹிதாவின் கணவர் அழைத்தார். "காலைல ஷாஹிதா போய்ட்டாண்ணா. மூணு நாள் காய்ச்சல்தான்" என்றார். வாணியம்பாடி போய்ச் சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பத்தொரு வயதில் அப்படியென்ன அவசரம்?

எங்களோடு இணையத்தில் போர் விளையாட்டு ஆடியவர்கள் அவரை அறிவீர்கள். வேலை நாட்களில் செருப்புத் தொழிற்சாலையில் தையலைச் சோதிப்பவர். ஞாயிறு மதியம் அந்த விளையாட்டில், காயம்பட்ட வீரர்களைக் குணமாக்கும் எங்கள் மூவர் அணியின் வைத்தியர்களை நடத்துபவர். முன்னணிப் படை என்னுடையது. பீரங்கிகள், ஜவ்வாது மலைமேல் இருக்கும் கோவிந்தனுடையவை.

வைத்தியர்களை நான் அப்போது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஒருமுறை யாரோ கதவைத் தட்ட, ஷாஹிதா எழுந்து போனார். அணியில் யார் படையை யாரும் நகர்த்தலாம் என்பதால், நான் திரையில் எல்லோரையும் மவுஸால் மொத்தமாக வளைத்துப் பிடித்து எதிரிமேல் ஏவிவிட்டேன். கவசம் இல்லாத வைத்தியர்கள் வேகமாக ஓடுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. வீரர்களை முந்திக்கொண்டு போய் அத்தனை பேரும் செத்தார்கள். ஷாஹிதா திரும்பி வந்து பார்த்தார்.

"இன்னாண்ணா பண்ணி வச்சிருக்கீங்க? அவங்க கையில கத்தியா இருக்குது? மெதுவா போற பீரங்கிக்குப் பின்னால வுடுங்க. அது நின்னா அவங்களும் நிப்பாங்க."

சண்டை போட்டேன். அடுத்த வாரம் அவர் சொன்னபடியே செய்தேன்.

ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்று பட்டியல் வரும். அவர் பெயருக்கு நேரே எப்போதும் சுழியம். கிண்டல் செய்தால், "எம்மேல ஒரு பாவமும் இல்லண்ணா" என்று சிரிப்பார்.

மலையில் மழை பிடித்தால் கோவிந்தனின் இணைப்பு அறுந்துவிடும். அதனால், "கோவிந்தா, மலைல மழையா?" என்று கேட்காமல் ஷாஹிதா ஆட்டத்தைத் தொடங்கியதே இல்லை. ஓர் ஆட்டத்தில் வெற்றி நெருங்கும்போது அவன் இணைப்பு போனது. இணைப்பு போனவர் படையை மட்டும் மற்றவர் நகர்த்த முடியாது; பீரங்கிகள் மரம்போல நின்றன. "வுட்டுட்டு வாம்மா, ஜெயிக்கப் போறோம்" என்று கத்தினேன். அவரோ என்னை விட்டுவிட்டு, தன் வைத்தியர்கள் எல்லோரையும் பீரங்கிகளைச் சுற்றி நிறுத்தினார். "அவன் திரும்பி வந்தா அவன் படை இருக்க வேணாமா?"

என் படை அழிந்தது. மழை விட்டதும் கோவிந்தன் வந்தான். அந்தப் பீரங்கிகளால்தான் வென்றோம். அன்று கத்தியதற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அது என்னை இன்னும் அறுக்கிறது.

வரும் ஞாயிறு, எங்கள் அணி ஆடிவரும் இணையப் போட்டித்தொடரின் இறுதிப்போட்டி. அடக்கம் முடிந்து திரும்பும்போது கோவிந்தன், "வாணாம்ணா, வெலகிடலாம்" என்றான். முடியாது என்றேன். இருவராக ஆட விதியில் இடமுண்டு. என் முன்னணிப் படையை அவனிடம் கொடுத்துவிட்டேன். வைத்தியர்கள் இனி என் பொறுப்பு. தினமும் கடை திறக்குமுன் பழகுகிறேன். நேற்றும் அவசரப்பட்டு எல்லோரையும் சாகவிட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆடினேன்.

ஷாஹிதாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது "மலைல மழையா?" என்ற அந்த ஒரு கேள்வியைத்தான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். மழை என்று கோவிந்தன் சொன்னால், "பெய்யட்டும்டா, நீ வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்" என்பேன்.