கொரோனா பேட்சுக்கு மாலை வகுப்பு

மாலை வகுப்பு எடுக்க டிகிரி வேண்டாம், தொண்டை இருந்தால் போதும். என்னிடம் ஒன்றுக்கு ஒன்பது இருக்கிறது. பஸ் கண்டக்டர், பஞ்சாயத்து மைக், எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியை, யார் குரல் வேண்டும், சொல்லுங்கள். காலையில் உத்திரமேரூரில் காலேஜ் முதலாம் ஆண்டு. மாலை ஐந்து முதல் ஏழு வரை, பெருநகருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடிக் கட்டடத்தில், பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நான் 'மிஸ்'. எல்லாம் ஊரடங்கில் அ, ஆ பழகாமலே வகுப்பு ஏறிய கோஷ்டி. இதே வேலையில் தொண்டை வற்றிக் கிடக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுக் கேளுங்கள்.

கிளாஸ் முடிஞ்சிது

முதலில் என் யோக்கியதை. ஊரடங்கின்போது நான் எட்டாவது. போனில்தான் கணக்குப் பாடம். ஒருநாள் டீச்சரின் லைன் அறுந்துபோன அரை நிமிஷத்தில், அவர் குரலிலேயே, "சரி பிள்ளைங்களா, இன்னிக்கு இவ்வளவு போதும், போனை வெச்சிடுங்க" என்றேன். முப்பது பேரும் வைத்துவிட்டார்கள். டீச்சர் திரும்பி வந்தபோது நான் ஒருத்திதான் மிச்சம், அவர் எப்படி முழிக்கிறார் என்று பார்க்க. நன்றாக ஓடிய வித்தையை யார் விடுவார்கள்? வாரம் ஒரு காட்சி நடத்தினேன்.

அதன் பலன் போன மாதம் தெரிந்தது. பலகையில் அரையையும் காலையும் கூட்டிக் காட்டினேன். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, ரெண்டும் நாலும் ஆறு, ஆக 'ரெண்டு பை ஆறு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆறாவது படிக்கும் பிரவீன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மிஸ், நீங்களும் கொரோனா பேட்சா?"

இருமல்

நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் யாருக்குப் போன் போட்டாலும், ரிங் போகும் முன்னே ஒரு இருமல் கேட்கும். அது எனக்கு அச்சு அசலாக வரும். ஒருநாள் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்று இருமினேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே காலரை மூக்குக்கு இழுத்தார்கள். பிரவீன் சிரிக்கவில்லை. எழுந்து குழாயடிக்கு ஓடினான்.

மறுநாள் நான் இருமாமலே ஓடினான். நோட்டைத் தொட்டால் கழுவல், பக்கத்துப் பையன் கை பட்டால் கழுவல். விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "எப்பத்துலேர்ந்துடா இது?" "அப்பத்துலேர்ந்தே, மிஸ். கழுவலைன்னா வூட்ல எல்லாரும் செத்துப் பூடுவாங்கன்னாங்க." என் இருமலை அன்றோடு மூட்டை கட்டினேன். அவனை நர்ஸ் அக்காவிடம் கூட்டிப்போய்க் களிம்பு வாங்கினேன். ஒரு வகுப்புக்கு ஐந்து முறைக்கு மேல் கழுவக் கூடாது என்று நானும் அவனும் பேரம் பேசினோம். இப்போதைக்கு எட்டில் நிற்கிறது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வாய்ப்பாடு என்றாலே, கை அழுக்கு என்று குழாய்க்குக் கிளம்பினார்கள். வாரம் முடிவதற்குள் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணன் வாசலில் வந்து நின்றார்: "இன்னாம்மா, கிளாஸ் எடுக்கிறியா, கல்யாண மண்டபம் நடத்துறியா? டேங்கு காலியா கீது!"

வாய்ப்பூட்டு

மோனிஷா, ஐந்தாவது. முகத்தை மூடிய டீச்சரிடம், தானும் முகத்தை மூடிக்கொண்டு ஒன்றாவது சேர்ந்தவள். மாஸ்க் கழன்றது, வாய் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதுவாள். ஆனால் எட்டு மாதத்தில் என் வகுப்பில் அவள் ஒரு சொல் பேசியதில்லை. ஒன்பது குரலையும் இறக்கிப் பார்த்தேன். எல்லாரும் உருண்டு சிரிப்பார்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை கல்வி ஆபீசிலிருந்து ஒரு மேடம் மாலை வகுப்புக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார், அன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் பேச்சு வராத பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் பள்ளிக்கு எழுதிவிடுவோம் என்று தலைமை ஆசிரியை அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா நடவிலிருந்து சேற்றுக் காலோடு நேரே என்னிடம் வந்தார்: "வூட்ல கோயி, நாயி ஒண்ணு வுடாம திட்டிக்கினே கீறா, பாப்பா. என் முந்தானைய புடிச்சிக்கினுதான் தூங்குவா. இவள எப்பிடி நான் ஹாஸ்டலுக்கு அனுப்புவேன்?"

வெள்ளிக்கிழமை

மேடம் வந்தார், கூடவே தலைமை ஆசிரியையும். பிரவீன் வாசித்தான், ஓடிப்போய்க் கை கழுவினான். அடுத்து மோனிஷா. புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நின்றாள். ஃபேன் மட்டும் பேசியது. ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின் வரிசையில் எவனோ கிளுக்கென்று சிரித்தான். மேடம் பேனா மூடியைக் கழற்றினார்.

"டேய், எவன்டா அங்க பல்லைக் காட்டுறது? கழட்டி கையில குடுத்துடுவேன்!"

என் குரல். தலைமை ஆசிரியை என் பக்கம் சீறித் திரும்பினார்: "மேடம் முன்னாடியே உன் வேலையக் காட்டுறியா?" நான் மூடிய வாயை விரலால் தொட்டுக் காட்டினேன். மோனிஷா இடுப்பில் கை வைத்தாள், என்னைப் போலவே ரெண்டு தரம் கனைத்தாள், பாடம் முழுவதையும் என் குரலில் வாசித்து முடித்தாள். பத்திக்குப் பத்தி, "புரிஞ்சிதா? புரியலைன்னாலும் தலைய ஆட்டு" என்று சேர்த்துக்கொண்டாள். மேடமும் தலையை ஆட்டினார். ஹாஸ்டல் என்று எழுதப் போன இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, "இப்ப உன் சொந்தக் குரல்ல ஒரே ஒரு வரி படி, கண்ணு" என்றார். மோனிஷா கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, யாருமே கேட்டிராத, கொஞ்சம் கரகரப்பான ஒரு சின்னக் குரல் வந்தது: "அது வூட்ல கீது, மேடம்."

அன்றிலிருந்து நான் வகுப்பில் கொஞ்சம் மரியாதையாகத்தான் கத்துகிறேன். எந்தப் பிள்ளை எந்த மேடம் முன்னால் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டுமோ, யார் கண்டது.