ஓடை மீன் விட்ட தொட்டி

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரை டோலியில் வைத்து மறுபடி மலைக்குக் கூட்டிவந்த அன்று, வீட்டுக் கதவைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் வெளியே வந்தது. எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். கூடத்து ஜன்னலைத் திறந்த பிறகுதான் மீன் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் கஞ்சி போல வெளுத்து, மேலே ஆடை கட்டியிருந்தது. தங்க மீன்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்தத் தொட்டி என் அப்பா செய்து கொடுத்தது. சேலத்தில் அவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். படங்களுக்குச் சட்டம் போடுவதும் ஜன்னல் கண்ணாடி பொருத்துவதும்தான் தொழில். எனக்குக் கல்யாணமானபோது இரும்புச் சட்டத்தில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து, அடியில் கடப்பைக்கல் போட்டு, தன் கையாலேயே இதைச் செய்தார். என் கணவர் வனத்துறையில் ரேஞ்சர். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து இரண்டு ஆட்கள் வைக்கோல் சுற்றி இந்தத் தொட்டியை மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கிவந்தார்கள். அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. இந்த ஊரில் யாரும் கேட்டிராத சாமான் என்று வழியெல்லாம் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. யுத்தகாலம். கொயினா மாத்திரைக்கு ஏகத் தட்டுப்பாடு. காய்ச்சல் விட்டுவிட்டு வந்து ஆளை உருக்கிப் போட்டதும் சேலத்துக்குக் கொண்டுபோனேன். திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ள வனக் காவலாள் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். என்ன ஆயிற்று என்று அவரைக் கேட்டேன். தினமும் ரெண்டு வேளையும் ஒரு கை சோறு போட்டதாகவும், ஒருநாள்கூடத் தவறவில்லை என்றும் சொன்னார். எங்கள் வீட்டு உயிரை அவர் பொறுப்பில் பட்டினி போட்டதாகப் பேச்சு வந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அந்தச் சோறு அழுகித்தான் தண்ணீர் கெட்டது என்று அப்படிப்பட்ட மனிதரை என்ன கோபித்துக்கொள்வது? தொட்டியை வெளியே தூக்கிவைக்க ஒரு கை கொடுக்கச் சொன்னேன்.

என் கணவர் சாய்வு நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடு. இனிமே எதுக்கு? எப்படியும் கீழே போகப்போறோம்" என்றார்.

சமவெளிக்கு மாற்றல் கேட்பது என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். காய்ச்சல் உடம்பை விட்டுப் போயிருந்தது. பயம் மட்டும் போகவில்லை. வாசலைத் தாண்டவே யோசித்தார். எனக்கோ இந்த இடத்தை விட்டுப் போக மனமில்லை. சேலத்து வெயிலும் சந்து வீடும் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்தான். ஆனாலும் காலையில் மூடுபனி விலகும்போது மிளகுக்கொடிகளுக்கு நடுவில் நிற்கிற சுகத்தை ஒரு காய்ச்சலுக்காகக் கொடுத்துவிட நான் தயாராக இல்லை. அவரோடு வாதாடவும் இல்லை. போகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை தொட்டி காலியாக இருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடி வேலை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்கு, கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டுகிற மக்குப் பிசைந்து கொடுத்தவள் நான். பழைய மக்கு வெயிலில் காய்ந்து மூலைகளில் வெடித்திருந்தது. அதை உளியால் சுரண்டி எடுத்தேன். சுண்ணாம்புக்கட்டிப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து, சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும்வரை அடித்து, மூலைக்கு மூலை அழுத்தினேன். உள்பக்கத்தில் குங்கிலியத்தை உருக்கி மெல்லப் பூசினேன். சோப்பு ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. உப்புப் போட்டுத்தான் தேய்த்தேன். காயவிட்டுத் தண்ணீர் நிரப்பியபோது ஒரு மூலையில் கசிந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, மறுபடி பூசினேன். இரண்டாம் தடவை அடியில் விரித்த காகிதம் காய்ந்தபடியே இருந்தது.

ஓடை மணலைக் கூடையில் போட்டு, கழுவுகிற தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசினேன். அதைப் பரப்பி, வேலம்பாசியைக் கொத்துக் கொத்தாக ஊன்றி, கூழாங்கல்லை மேலே வைத்து அமுக்கினேன். கிழக்கு ஜன்னலோரம் வைத்து, உள்ளே ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஓடைத் தண்ணீரை ஊற்றி, மணல் கலையாமல் நிரப்பினேன். பிறகு சும்மா விட்டுவிட்டேன். மீன் விட அவசரப்படுகிறவர்கள்தான் மீனைச் சாகடிக்கிறார்கள். பாசி வேர் பிடித்து, தண்ணீர் தனக்குள் ஒரு நிதானத்துக்கு வரவேண்டும். முதலில் இரண்டு நாள் கலங்கியது. அப்புறம் தானாகவே தெளிந்தது. வெயில் படும்போது பாசி இலைகளிலிருந்து ஊசி முனை அளவு குமிழ்கள் மேலே ஏறின.

"வெறும் தண்ணியை ஏன் இப்படிப் பாத்துட்டிருக்கே?" என்று ஒருநாள் அவர் கேட்டார். அவர் நாற்காலியும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்ததை நான் கவனித்தேன். சொல்லிக்காட்டவில்லை.

மறுபடி தங்க மீன் வேண்டுமென்றால் அப்பாவுக்கு எழுதலாம். அவை அவ்வளவு தூரம் வந்து, இந்த மலைக் குளிருக்குப் பழகி, கஷ்டப்பட வேண்டாம் என்று தோன்றியது. இங்கேயே ஓடையெல்லாம் மீன். வாரம் ஒருமுறை எங்களுக்குச் சாமையும் வாழைப்பழமும் கொண்டுவரும் பெண் ஒருத்தி இருந்தாள். மலையிலேயே இருக்கிற ஆலத்தூர் நாட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும். மீன் பிடிக்க இடம் காட்டுகிறாயா என்று அவளைக் கேட்டேன்.

"குழம்புக்குங்களா அம்மிணி?"

"இல்லை. தொட்டியில விட்டுப் பாக்கறதுக்கு."

"பாக்கறதுன்னா ஓடையிலேயே பாக்கலாமுங்களே" என்று சிரித்தாள். ஆனால் மறுநாளே கூட்டிப்போனாள்.

வயலுக்கு நடுவே போகிற வாய்க்காலில் இருவரும் இறங்கினோம். அவள் பழைய சேலைத் துணியை விரித்துப் பிடிக்க, நான் வாய்க்காலின் மேல்பக்கமிருந்து காலால் கலக்கிக்கொண்டு வருவேன். துணியைத் தூக்கினால் வெள்ளி வெள்ளியாகத் துள்ளும். அடி மணலில் நெளிகிற அயிரை, உடம்பின் பக்கவாட்டில் கறுப்புப் புள்ளி வைத்த கெண்டைப்பொடி, நெற்றியில் பளபளவென்று ஒரு பொட்டோடு தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரிகிற சின்ன மீன். அந்தக் கடைசி மீனுக்கு நாங்கள் பொட்டுமீன் என்று பெயர் வைத்துக்கொண்டோம். வேண்டியது கொஞ்சம்தான். மற்றதைத் திருப்பி விட்டேன். அவளுக்கு அதில் மனத்தாங்கல். ஒரு குழம்புக்கு ஆகுமே என்று கணக்குப் பார்த்தாள். அவள் பங்கை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்றதும் சமாதானமானாள்.

பித்தளைக் குடத்தில் கொண்டுவந்து, குடத்துத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே மீனை விட்டேன். முதல் நாள் இரண்டு கெண்டைப்பொடி மட்டும். அவை நன்றாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, மற்றவை ஒவ்வொன்றாக. சோறு கிடையாது. பொடித்த சாமை ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அந்த வருஷம் கோடை மழை பெய்துவிட்டுப் பிறகு வானம் பொய்த்துவிட்டது. விதைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். நான் குடத்தோடு வந்ததை யாரோ பார்த்து, ரேஞ்சர் வீட்டு அம்மா கோயிலாற்று மீனைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறாள், அதனால்தான் மழை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ச் சிவன் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்று மீன் சாமி மீன். அதை யாரும் தொடமாட்டார்கள். அறுத்துக் குழம்பில் போட்ட மீனே ஒன்றுகூடித் துள்ளி ஆற்றுக்குத் திரும்பிய கதை அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஒரு காலையில் ஊர்க்கவுண்டர் நாலைந்து பேரோடு வாசலில் வந்து நின்றார். என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. காட்டில் விறகு வெட்டுவது, எரித்து விதைப்பது என்று வந்த தகராறுகளால் அவருக்கும் ஊருக்கும் ஏற்கெனவே அவ்வளவாக ஆகவில்லை. எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பிவிடு என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போனேன்.

"சாமி மீனை ஊட்டுல வெச்சிருக்கறதாப் பேசிக்கிறாங்க. கண்ணுல பாத்துட்டுப் போலாமுன்னு வந்தமுங்க" என்றார் கவுண்டர். குரலில் சண்டை இல்லை. ஆனால் பார்க்காமல் போகமாட்டார் என்பது தெரிந்தது.

"உள்ளே வந்து பாருங்க. வாய்க்கால் மீனைத்தான் பிடிச்சேன். இதுல ஒண்ணே ஒண்ணு சாமி மீனா இருந்தாலும் சொல்லுங்க, ஆத்துலயே கொண்டுபோய் விட்டுடறேன்."

அவர் கம்பளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஆள் வந்ததும் தீனி என்று நினைத்து மீன்களெல்லாம் கண்ணாடிக்கு அருகே கூடின. அவர் முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோனார். ஓடையில் மேலிருந்து முதுகை மட்டும் பார்த்த மீனைப் பக்கவாட்டில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. பின்னால் நின்றவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். இது அயிரை, இது எங்கள் வயலில் ஓடுவது என்று ஒவ்வொன்றாக அவரே சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அவர் விரல் ஒரு மூலையில் நின்றது.

பாசிக்குப் பின்னால் தனியாக ஒரு குஞ்சு. சுண்டுவிரல் நீளம். பித்தளை நிறத்தில் செதில் மட்டும் பெரிது பெரிதாக. வேறு ஏதோ கெண்டை என்றுதான் நான் எடுத்து வந்திருந்தேன்.

"இது மட்டும் ஆத்து மீனுங்க. கோடை மழைக்கு வாய்க்கால்ல ஏறி வந்திருக்கும். நீங்க தெரிஞ்சு புடிக்கலீங்க" என்றார்.

சொன்ன சொல் சொன்னதுதான். நான் சொம்பை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் கணவர் போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் கொண்டுபோறேன்" என்றார்.

அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், குஞ்சைச் சொம்பில் மொண்டு அவர் கையில் கொடுத்துவிட்டேன். நானும் பின்னாலேயே போனேன். அவர் நாலு அடிக்கு ஒருதரம் நின்றார். கவுண்டரும் நின்றார். அவசரமே இல்லாதவர்போல, எந்த மரத்தில் மிளகுக்கொடி நன்றாக ஏறும், எதில் ஏறாது என்று பேசிக்கொண்டே, என் கணவரின் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துக்கொண்டார். தாங்கிப் பிடிக்க யாரோ கை நீட்டியபோது என் கணவர் வேண்டாம் என்று தலையசைத்தார். சொம்பில் தண்ணீர் தளும்பாமல் இருப்பதிலேயே அவர் கண் முழுக்க இருந்தது.

ஆற்றில் பெரிய மீன்கள் பாறை நிழலில் அடுக்கடுக்காக நின்றன. என் கணவர் கரையில் உட்கார்ந்து சொம்பைத் தண்ணீருக்குள் சாய்த்தார். குஞ்சு ஒரு கணம் சொம்பின் வாயிலேயே நின்று, பிறகு போய்விட்டது. எங்களோடு வந்தவர்கள் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார்.

திரும்பும் வழியில் கவுண்டர் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும் கொடுத்தார்கள். காய்ச்சலுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று என் கணவர் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். சில நாள் கழித்து மழையும் வந்தது. அது வருகிற நேரம்தான் என்று எனக்குத் தெரியும். ஊரார் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்துக்கு ஆள் வராத நாள் இல்லை. சாமை கொண்டுவந்த பெண் தன் வீட்டாரையெல்லாம் கூட்டிவந்து, இந்த மீனைப் பிடித்தது தான்தான் என்று காட்டினாள். என் கணவர் மாற்றலைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. வேறொரு வேலையில் இறங்கிவிட்டார். கொசுவால்தான் காய்ச்சல் வருகிறது என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். மழைத் தண்ணீர் பிடிக்கும் பீப்பாயில் நெளிகிற கொசுப்புழுவை ஒரு கிண்ணத்தில் மொண்டுவந்து தொட்டியில் விட்டார். பொட்டுமீன்கள் பாய்ந்து நிமிஷத்தில் தின்று தீர்த்தன. அவர் மறுபடி மொண்டுவந்தார். அன்று சாயங்காலமே காவலாளையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய், பீப்பாய்க்கும் கிணற்றுக்கும் பொட்டுமீன் பிடித்து வந்தார். கவுண்டர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் கொஞ்சம் போயிற்று. காய்ச்சல் அதனால் குறைந்ததா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. எங்கள் பீப்பாயில் புழு இல்லை. அவருக்குக் காய்ச்சல் திரும்பவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் நான் அடுப்படியில் இருந்தேன். அவர் மெதுவாகக் கூப்பிட்டார். சத்தம் போட்டால் ஓடிவிடும் என்பதுபோலச் சைகை காட்டினார். வேலம்பாசியின் இலையடியில், ஓர் இமைமயிர் அளவில், கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள் தொங்கிக்கொண்டிருந்தன. பெரியவை பார்த்தால் தின்றுவிடும் என்றேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.