ர-வுக்கு ஒரு வால்

எங்கள் பதிவு அலுவலகத்தில் அவரைத் தந்தி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டச்சில் அவ்வளவு வேகம். இறந்தவர்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல்.

நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அதனாலேயே, என்னால் சரிசெய்ய முடியாத கணினி இல்லை என்று ஒரு நினைப்பு.

பெயரைக் காணோம் என்று அந்த மாதத்தில் மூன்றாவது ஆளாக ஒரு அம்மா வந்து நின்றார். கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். காகிதப் பதிவேட்டில் பெயர் இருந்தது. கணினியில் தேடினால் இல்லை.

"உயிரோட இருந்தப்பவும் எந்த லிஸ்ட்லயும் இல்லாத மனுஷன்தான்," என்றார் அந்த அம்மா. "செத்துமா?"

தேதியை வைத்துக் கணினியில் அந்த நாளின் பக்கத்தைத் திறந்தால் பெயர் கண்ணெதிரே இருந்தது. எழுத்தெழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. துணைக்கால் போட வேண்டிய இடத்தில் ர விழுந்திருந்தது. எங்கள் அலுவலக எழுத்துருவில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். நாம் 'மாலை' என்று படிப்பது கணினிக்கு 'மரலை'.

தந்தி அண்ணன் பழைய தட்டச்சு முறைக்காரர். அதில் காலும் ர-வும் மேலும் கீழுமாக ஒட்டியிருக்கும். இரண்டையும் தொடுவது வலக்கை ஆள்காட்டி விரல்.

"இந்த விரல் மரத்துப்போச்சுப்பா," என்று அதை மேசையில் தட்டிக் காட்டினார். "எதுல விழுதுன்னே தெரியறதில்ல."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா அண்ணே?"

"காட்டினேன். சர்க்கரை இல்ல, நரம்புல கோளாறு இல்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னார்."

"எப்பலேருந்து இப்படி?"

"அதுவும் தெரியல."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். எதையுமே அப்படித்தான் சொல்வார். அண்ணி இறந்தது நான் சேர்வதற்கு முன்பு. நான்காம் நாளே வேலைக்கு வந்து, அண்ணியின் பெயரையும் மற்ற பெயர்களோடு தானே ஏற்றினாராம். கண்ணில் ஒரு சொட்டு இல்லையாம். 'கல்லு மனுஷன்யா' என்று கண்காணிப்பாளர் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் கண்காணிப்பாளர்தான் இப்போது வந்து நின்றார். "யோவ் தந்தி, கால் வைக்கத் தெரியாத ஆளை வெச்சுக்கிட்டு நான் எங்கய்யா கால் வைக்கிறது? இந்தக் கூத்து எந்தத் தேதியில ஆரம்பிச்சுதுன்னு மாசக் கடைசிக்குள்ள கண்டுபிடி. அதுலேருந்து எல்லாத்தையும் திருத்து. இல்லேன்னா இந்த சீட்ல வேற ஆள். நீ கிடங்குக்குப் போயிடு."

"சரிங்க சார்."

அவர் போன பிறகு அண்ணன் என்னிடம் சொன்னார்: "இங்க உக்காந்தா கை தானா ஓடுது. கிடங்குல சும்மா உக்காரணும். சும்மா உக்கார்றது வீட்லயே நடக்குதே."

எல்லா ர-வையும் ஒரேயடியாகக் காலாக மாற்றிவிட முடியாது. மரகதம் மாகதம் ஆகிவிடும். கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அதற்குக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கிடைத்த ஓர் எழுத்துருவை, எழுத்து வரையும் மென்பொருளில் திறந்தேன். ர-வின் அடியில் இடப்பக்கமாக ஒரு வால் இழுத்தேன். முதல் வால் நீண்டுபோய்க் கீழ்வரியில் இடித்தது.

"என்னப்பா இது, குரங்காட்டம்?" என்றார் அண்ணன்.

குட்டையாக்கினேன். ர், ரி, ரீ ஒவ்வொன்றும் தனி வடிவம். ஒவ்வொன்றுக்கும் வரைய வேண்டியிருந்தது. அப்படியே மெல்லிய கோடுகளுக்குக் கொஞ்சம் சதை போட்டேன். ண, ன சுழிகளைத் திறந்துவிட்டேன். எழுத்துகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் வைத்தேன். எழுத்துருவுக்குப் பெயர் 'தந்தி'.

எழுத்துருப் பட்டியலில் தன் பெயரைத் தானே தேடி எடுத்தார். நாலு வரி தட்டிவிட்டு, "கண்ணு கூசல," என்றார்.

முந்தின நாள் பக்கத்தைத் திறந்தோம். பக்கம் முழுக்க, கால் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வால். அதற்கு முந்தின நாளும் அப்படியே. உதவி செய்யப் போய், அவருடைய தப்பையெல்லாம் நானே அம்பலத்தில் ஏற்றிவிட்டதுபோல் எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நல்லாத் தெரியுது," என்றார் அவர், திருத்த ஆரம்பித்தபடி.

நாள் நாளாகப் பின்னோக்கிப் போனோம். நான் காகிதப் பதிவேட்டை வாசிப்பேன். அவர் வாலை எடுத்துக் காலை வைப்பார். விரல் சறுக்கினால் உடனே வால் முளைக்கும், உடனே அழிப்பார். பத்து மாதத்தைத் தாண்டியதும் தப்பு வால்கள் குறைந்தன. ஒரு நாளுக்கு ஒன்பது, ஆறு, இரண்டு. பிறகு ஒரு பக்கத்தில் ஒன்றே ஒன்று. அதற்கு முந்தைய மூன்று மாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். சுத்தம்.

அந்தப் பக்கத்துக்குத் திரும்பினேன். இருபத்து மூன்று பெயர்கள். தப்பு வால் இருந்த பெயருக்கு நேரே பதிவேட்டில் 'கணவர்' என்று போட்டு அண்ணனின் பெயர்.

"அண்ணே, இதுதான் முதல் தேதி."

பார்த்தார். அண்ணியின் பெயரில் மொத்தமே ஒரு கால்தான்.

"அன்னிக்கா," என்றார்.

விரலை வைத்தார். திரும்பவும் வால் விழுந்தது. அழித்தார். விரலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கீழே இறக்கி அழுத்தினார். கால் விழுந்தது. சேமித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, தேடும் கட்டத்தில் அந்தப் பெயரை அடித்தார். ஒரு வரி வந்தது.

"இருக்கா," என்றார்.

தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்.

கண்காணிப்பாளர் அதை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எல்லாம் திருத்தியாச்சா?"

"ஆச்சு சார்."

"சரி, அங்கேயே உக்காரச் சொல்லு. ஆமா, இந்தத் தேதியில அப்படி என்ன?"

"தெரியல சார்," என்றேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் அன்றைய பெயர்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்.